பேராக் உறுமி மேளக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராக் மாநிலத்தில் உறுமி மேளம் வாசிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களிடம் ஓர் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2007-இல் வந்தது, உங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். பெயர் ‘கலா’. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த மறுபடியும் லண்டனுக்கே வந்து சேர்ந்த ஈழத்துப் பெண். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார், ‘அருளர்’ என்று. இரண்டாவதற்கு அம்மாவின் பெயர். ராப்பும் கணினியில் கட்டிய நடன இசையும் சேர்ந்த ஆல்பம் இது. இதற்குள் உறுமி இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அடிகளை நீங்களே பதிவு செய்து, உங்களுக்குப் பிடித்த பீட்டோடு சேர்த்து, உங்கள் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட வேண்டும். ‘கலா’வைக் கேட்கக் கேட்க இந்த எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே போகிறது.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது ஈப்போவில் இருக்கிறேன். தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்கு நீங்கள் வாசித்துக்கொண்டு போகும்போது உங்கள் பின்னால் நடப்பவர்களில் ஒருத்தி. இசை படித்தவள் இல்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டைப் போடுங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் அடிநாதம் காதில் விழாது. காரிலோ நல்ல ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். ஒரே நேரத்தில் கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூவுகிறார்கள், மேளம் விழுகிறது. முதல்முறை கேட்கும்போது தலை கிறுகிறுக்கும். இரண்டாம் முறை மேளத்தை மட்டும் பின்தொடருங்கள். வளைந்த குச்சி இடப்பக்கத் தோலில் தேய்ந்து எழும் அந்த முனகல் இருக்கிறதே, சாமி வருகிறவர் முதுகுத்தண்டில் ஏறும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். ஹிப்-ஹாப் பாட்டுகளில் நெஞ்சைத் தள்ளுகிற பேஸ் கணினியிலிருந்து வரும். கீழே இறங்கி, வழுக்கி, மறுபடி மேலே ஏறும். அந்த இடத்தில் இங்கே உறுமியின் முனகல் நிற்கிறது. உறுமியும் அப்படித்தானே செய்கிறது? தோலை அழுத்தித் தேய்த்தால் சுரம் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. கிளப்புகளில் ஆடுகிறவர்கள் எந்த ஒலிக்கு உடம்பை விட்டுக்கொடுக்கிறார்களோ, அந்த ஒலி எத்தனையோ தலைமுறையாக நம் தோலிலும் குச்சியிலும் இருக்கிறது.

இது எப்படி அந்த ஆல்பத்துக்குள் வந்தது என்ற கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளர்களோடு சேர்ந்துதான் மாதங்கி இதைச் செய்ய இருந்தார். விசா கிடைக்கவில்லை. சும்மா உட்காராமல் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் பதிவு செய்தார். 2006-இல் சென்னை போனார். ஏ.ஆர். ரஹ்மான் தன் ஸ்டுடியோவைத் தந்து உதவினார். அங்கேதான் உறுமிக்காரர்களைக் கூட்டி வாசிக்க வைத்தது. ‘பாய்ஸ்’ என்ற இன்னொரு பாட்டில் அந்த உறுமி டிரினிடாட்டின் சோக்கா இசையோடு சேருகிறது. சோக்கா என்பது கார்னிவல் ஊர்வலத்தில் தெருவில் ஆடுகிற இசை. உறுமியும் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிற மேளம். இரண்டும் ஒன்றையொன்று உடனே அடையாளம் கண்டுகொண்டதில் எனக்கு வியப்பே இல்லை. டிரினிடாட்டுக்கும் நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேறிப் போயிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் அந்தப் பாட்டு இன்னும் நெருக்கமாகிவிடும்.

முதல் பாட்டு ‘பாம்பூ பங்கா’. ஒரு வண்டியின் உறுமலுக்கு நடுவில் திடீரென்று நமக்குத் தெரிந்த குரல்கள் எட்டிப்பார்க்கும். 1991-இல் வந்த ‘தளபதி’யில் இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ பாட்டின் ஒரு துண்டு அது. தோட்டத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒலிபெருக்கியில் அலறிய பாட்டு. அதை வெட்டி, சுழலவிட்டு, அதன்மேல் ராப். பாலசுப்ரமணியமும் ஜேசுதாசும் சேர்ந்து கொண்டாடிய சந்தோஷத்திலிருந்து ஒரு நொடியை மட்டும் எடுத்து, அதைப் பசியுள்ள பாட்டாக்கியிருக்கிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் ஒலியைக் கூட்டிவிடுவேன்.

எல்லாப் பாட்டும் இப்படி இல்லை. ‘எக்ஸ்ஆர்2’ எனக்கு வெறும் இரைச்சல். கடைசிப் பாட்டு டிம்பலாண்டோடு செய்தது. மற்றவற்றோடு ஒட்டவே இல்லை, வேறு வீட்டுப் பிள்ளை போல நிற்கிறது. ‘ஜிம்மி’, 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படப் பாட்டின் மறுவடிவம். கேட்க இனிமை, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மாதங்கி பிற்காலத்தில் மேடைகளிலும் பேட்டிகளிலும் சொன்ன பல கருத்துகளில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவரை நீங்கள் தலைவராக ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் காதை மட்டும் கடன் வாங்குங்கள் என்கிறேன்.

‘பேப்பர் ப்ளேன்ஸ்’ உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி மணியும் பல்லவியில் வருமே, அதுதான். ‘த கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் குழு 1982-இல் போட்ட பாட்டின் மெட்டு அடியில் ஓடுகிறது. 2008-இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இருக்கிறது. இது கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் அலைகிறவர்களைப் பற்றிய பாட்டு. நம் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! இங்கேயே உழைத்து முதுகு வளைந்த பிறகும், 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். ‘ரஜுலா’ கப்பல் என்ற பேச்சு வந்தாலே என் அம்மா வேறு பேச்சுக்கு மாறிவிடுவார். காகிதம் இல்லாதவரின் கதையைப் பாட, நம்மைவிட யாருக்கு அதிகம் தெரியும்? அந்தக் கதை ஆடவைக்கிற பாட்டாக வந்து உலகமே அதற்கு ஆடியிருக்கிறது. சோகத்தைச் சோக மெட்டில்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் மேளத்துக்கு இது நன்றாகத் தெரியும். பிணத்தைத் தூக்கிப் போகும்போதும் அது ஆடத்தானே வைக்கிறது.

ஆனால் இந்த ஆல்பத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய பாட்டு வேறு. ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’. பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உள்ளே, வறண்ட பக்கத்தில், டார்லிங் ஆற்றங்கரையில் வில்கானியா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பூர்வகுடிப் பையன்கள் சிலர், ஊருக்கு வந்த ஒரு ஹிப்-ஹாப் கலைஞர் நடத்திய பயிற்சியில் ஒரு பாட்டு செய்தார்கள். 2002-இல் அது நாட்டின் இளைஞர் வானொலியில் ஒலித்துப் பிரபலமானது. எதைப் பாடினார்கள் தெரியுமா? ஆற்றுக்குப் போவது, மீன் பிடிப்பது, பாலத்திலிருந்து தண்ணீரில் குதிப்பது. அவ்வளவுதான். பின்னால் அவர்களுடைய டிஜெரிடூ, அந்த நீண்ட மரக்குழல், உறுமியைப் போலவே அடிவயிற்றிலிருந்து முனகுகிறது. மாதங்கி அந்தப் பாட்டை அப்படியே எடுத்து, பையன்களின் குரலை முன்னால் வைத்து, தன் குரலைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பாட்டில் ஒரு பையன் மூச்சு வாங்குவது கேட்கும். அடுத்த வரிக்கு அவசரமாகப் போவதால் வாங்குகிற மூச்சு. எந்த ஸ்டுடியோக்காரரும் அழிக்கச் சொல்லியிருப்பார், விட்டிருக்கிறார்கள். நான் இதைக் கேட்கும்போது சுங்கை பேராக்கில் மதியம் முழுக்கக் கிடந்து வீடு திரும்பி அடி வாங்கிய என் அண்ணன்மார்களை நினைத்துக்கொள்கிறேன். ஓட்டுப்பால் பொறுக்கப் போன கதை, மங்கு கழுவிக் கவிழ்த்த கதை, விடியும் முன் பெரட்டுக்கு ஓடிய கதை, தண்டலிடம் ஏச்சு வாங்கிய கதை என்று எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் இதுதான். உங்கள் கதை வேறு. ஃப்ளாட் மாடியில் வாசித்துப் பழகியது, மேலே கீழே இருந்து வசவு வந்தது, மேளத்தைத் தூக்கிக்கொண்டு தாமானுக்கு வெளியே வெட்டவெளி தேடிப் போனது. இவையெல்லாம் பாட்டாக வேண்டியவை. யாரும் பெரிய தத்துவம் சொல்லித்தர வேண்டியதில்லை. வில்கானியாப் பையன்கள் போதும்.

தமிழில் ராப் என்றால் நாம் எங்கிருந்தோ கடன் வாங்குகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘கலா’ வருவதற்கு ஓராண்டு முன்னால், 2006-இல், நம் நாட்டிலேயே யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும்தான் நட்சத்திரா. ‘மடை திறந்து’ பாட்டைக் கேட்காத மலேசியத் தமிழர் உண்டா? 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு வாலி எழுதி இளையராஜா போட்ட பாட்டைத் தளமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் மலேசியத் தமிழ் ஏறி உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா பெயர் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது இது. பிறகு ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ என்று கோடம்பாக்கமே யோகி பி-யைக் கூப்பிட்டது. ஆக, கதவைத் திறந்த கை மலேசியக் கை. ‘வல்லவன்’ எனக்கு மிகப் பிடித்த ஆல்பம். ஆனால் அதில் என் காது தேடிய ஒன்று உறுமியின் முன்வரிசை இடம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள் என்றே நினைக்கிறேன்.

ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்த மரத்துக்காகத்தான் நம் பாட்டன் பாட்டிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். துன் சம்பந்தன் காலத்தில், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அதற்குள் கைவிட்டுப் போனது போனதுதான். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். தோட்டத்தை மேம்பாட்டுக்கென்று எடுத்தார்கள். லயத்தை இடித்தார்கள். மாரியம்மனைப் பெட்டியில் வைத்துத் தாமானுக்குத் தூக்கி வந்தோம். மக்கள் ஜெலாப்பாங், புந்தோங், சிம்மோர், தைப்பிங் என்று பிரிந்து போனார்கள்.

சிலையை மாற்றி வைத்துவிட்டோம். அடியை எங்கே வைத்தோம்? எங்கள் தோட்டத்தில் கரகம் பாலிக்கும்போது ஓர் அடி, தீமிதிக்குக் கிளம்பும்போது வேறு அடி, எல்லையில் நின்று திரும்பும்போது இன்னொன்று. அடுத்த தோட்டத்துக்காரர்கள் அதே இடத்தில் வேறு மாதிரி வாசிப்பார்கள். சத்தத்தை வைத்தே எந்தத் தோட்டத்துத் திருவிழா என்று சொல்லிவிடுவார் அப்பா. அந்த வித்தியாசம் இப்போது கேட்பதில்லை. பல குழுக்கள் ஒரே சினிமா மெட்டை ஒரே மாதிரி வாசிக்கின்றன. கற்றுக்கொடுத்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சினிமா மெட்டுக்குச் சாமி வார்த்தை போட்டுப் பாடுவதை நான் குறை சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பிடிக்கிறது, நானும் சேர்ந்து பாடியிருக்கிறேன். ஆனால் ஆல்பமாக வெளியிடும்போது அந்த மெட்டு இன்னொருவர் சொத்து. அனுமதி வாங்காமல் போட முடியாது, போட்டாலும் இறக்கிவிடுவார்கள். உங்கள் தோட்டத்து அடியை யாரும் இறக்கச் சொல்ல முடியாது.

ஒரு மனத்தடை வரும். உறுமி சாமிக்குரியது, அதை ஆட்டப்பாட்டில் கலக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சாமி அழைக்கிற அடியைத் தொடாதீர்கள். அது கோயிலிலேயே இருக்கட்டும். ஊர்வலத்தில் நடக்கிற அடி, கல்யாணத்துக்கு வாசிக்கிற அடி, போட்டியில் எதிர்க்குழுவைச் சீண்டுகிற அடி எல்லாம் மக்களுடையவை. எது எங்கே என்று உங்கள் வாத்தியாரைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு. உறுமி மேளம் என்றதும் குண்டர் கும்பல் என்று முகம் சுளிக்கிறவர்கள் நம் ஆட்களிலேயே இருக்கிறார்கள். ஒரே நிறச் சட்டை போட்டு நாலு பேர் சேர்ந்து நடந்தால் போதும், சந்தேகம் வந்துவிடுகிறது. பள்ளி முடித்து, வேலைக்குப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தோல் மாற்றுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விரல் வெடித்து ரத்தம் வந்த பிறகும் கல்லுமலை அடிவாரம் வரை நிறுத்தாமல் வாசித்த தங்கை ஒருத்தியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதே எங்கும் கேட்கிறது. நீங்கள் பேசுவது ஒரு தட்டிலாவது இருக்க வேண்டும்.

‘கலா’வைக் கேட்கும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உலகம் முழுக்க அதைக் கேட்டவர்களுக்கு எம்.ஐ.ஏ. தெரியும், தயாரித்த ஸ்விட்ச், டிப்லோ தெரியும். உறுமி வாசித்த கைகள் யாருடையவை என்று கேட்டால் சொல்லக்கூடியவர் மிகக் குறைவு. உங்கள் ஆல்பத்தில் இது நடக்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் உறுமி, யார் பம்பை, யார் தவில், யார் தப்பு, யார் ஜால்ரா என்று பெயர் போடுங்கள். அந்த அடி எந்தத் தோட்டத்தது, யார் கற்றுக்கொடுத்தது என்பதையும் போடுங்கள். சொந்தமாக எழுதிய பாட்டுகளை, இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி.-யில் பதிந்து வையுங்கள். உரிமைத்தொகை சில வெள்ளியாக இருந்தாலும் உங்களுடையது.

எப்படிப் பதிவு செய்வது என்பதில் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஸ்டுடியோ வேண்டாம். காலியான மண்டபம் ஒன்று போதும், வார நாளில் கேட்டால் கோயில் நிர்வாகத்தினர் கொடுப்பார்கள். உறுமியின் இடத்தோலுக்கு அருகில் ஒரு மைக், பத்தடி தள்ளி இன்னொன்று. அருகில் இருப்பது முனகலைப் பிடிக்கும், தள்ளி இருப்பது மண்டபத்தின் அதிர்வைப் பிடிக்கும். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு மேளமும் தனித்தனியாக. பீட் செய்கிற நண்பர் கணினியைத் திறந்ததும் உங்கள் அடியை அதன் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கப் பார்ப்பார். விடாதீர்கள். நீங்கள் வாசிக்க வாசிக்க வேகம் ஏறுவது பிழை கிடையாது, கூட்டத்தின் மூச்சு அப்படித்தான் ஏறும். மேளத்தின் பின்னால் கணினி வரட்டும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் என்னைப் பிடித்து உலுக்கியது, ஒரு நூல் அளவு முன்னும் பின்னும் விழுகிற அந்த அடிகள்தான்.

தைப்பூசம் முடிந்த கையோடு, பங்குனி உத்திரத்துக்கு முன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அந்த வாரங்களில் தொடங்குங்கள். நாலு பாட்டு போதும். முதல் கலவை தயாரானதும் ஊருக்குப் போடுவதற்கு முன்னால் உங்கள் வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் கை தப்பியது என்று அவர் சொல்வார். அந்த இடத்தை மறுபடி வாசித்துப் பதியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஈப்போ.